நெஞ்சறிந்ததும் நாவறியாததும்: குறிஞ்சித் திணை தரும் விடை

உணர்வு ஒருவருக்கு உரியது. சொல் ஊருக்கெல்லாம் பொது. ஒருவர் தம் துயரத்தை மற்றவருக்குத் தெரிவிக்க நினைத்தால், எத்தனையோ பேர் வாயில் புழங்கித் தேய்ந்த சொற்களைத்தான் எடுத்தாள வேண்டியிருக்கிறது. சொல்லி முடித்ததும் 'துயரம்' என்ற பொதுப்பெயர் நிற்கிறது. இன்னாருடைய, இந்த இரவின் துயரம் என்ற தனித்தன்மை கழன்றுபோகிறது. மெய்யியலாளருக்கும் பக்தருக்கும் கவிஞருக்கும் பொதுவான சிக்கல் இது. தமிழ் மரபு இதை மிகப் பழங்காலத்திலேயே எதிர்கொண்டு, மலைநிலத்தை முன்வைத்து ஒரு விடையும் கண்டிருக்கிறது.

தொல்காப்பியத்தின் பொருளியல் பன்னிரண்டு பொருள்களை ஓரிடத்தில் தொகுத்துச் சொல்கிறது. ஒப்பு, உரு, எழில், சாயல், நாண், மடன், நோய், வேட்கை, நுகர்வு முதலியவை அந்தப் பட்டியலில் வருகின்றன. இவற்றை நெஞ்சு கொள்ளலாம். இதோ என்று எடுத்துக் காட்ட முடியாது என்பது அந்நூற்பாவின் கருத்து. அழகும் நாணமும் காதல் நோயும் ஒரே வரிசையில் நிற்பது கவனிக்க வேண்டியது. வெளியே கண்ணுக்குத் தெரிவதுபோல் இருக்கும் அழகைக்கூடச் சுட்டிக் காட்ட முடியாத பொருள்களோடுதான் தொல்காப்பியர் சேர்த்திருக்கிறார்.

உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். ஒத்த அன்புடைய இருவர் கூடும்போது பிறக்கும் இன்பத்தைப் பிறரிடம் சொல்ல முடியாதது ஒருபுறம் இருக்க, அந்த இருவரும் பின்னால் ஒருவருக்கொருவர்கூட இப்படி இருந்தது என்று சொல்லிக்கொள்ள முடியாது என்கிறார். உள்ளம் மட்டுமே நுகரும் பொருள் என்பதால்தான் அது அகம் ஆயிற்றாம். சங்கப் பாடல்களில் பெரும்பகுதி அகப்பாடல்கள். சொல்லுக்கு எட்டாதது என்று இலக்கணமே ஒப்புக்கொண்ட பொருளின்மேல் ஓர் இலக்கியம் இவ்வளவு பாடல்களை எழுப்பியிருக்கிறது என்பது வியக்கத்தக்க செய்தி.

சைவ சித்தாந்தம் இதே சிக்கலை வாக்கின் பக்கம் நின்று பார்க்கிறது. வாக்கு நான்கு வகை: சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி. காதில் விழும் பேச்சு வைகரி. அதுவே கடைசிப் படி. உள்ளே எழுத்துகளாக ஒழுங்கு பெற்று, இன்னும் ஒலியாகாமல் நிற்பது மத்திமை. அதற்கும் முன்னால், எழுத்து வேறுபாடு தோன்றாத பைசந்தி. மயிலின் நிறமெல்லாம் அதன் முட்டைக்குள் இருக்கும் நீரில் பிரிவின்றி அடங்கியிருப்பது போன்றது அந்த நிலை என்று சிவஞான சித்தியார் விளக்குகிறது. ஆக, வாய்க்கு வந்து சேரும் சொல், உள்ளே எழுந்தது பல படி இறங்கியபின் கிடைப்பது. இறங்கும் வழியில் எதை இழந்தது என்பது பேசுபவருக்கே முழுதாகத் தெரிவதில்லை.

சொல்லுக்கு முன்னால் உடம்பு பேசிவிடுகிறது. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியல் என்று தனி இயலே வைத்து, நகை, அழுகை தொடங்கி உவகை வரை எட்டு மெய்ப்பாடுகளைப் பகுத்து, ஒவ்வொன்றும் எந்த நான்கு காரணங்களால் தோன்றும் என்றும் சொல்கிறது. அழுகைக்கு இழிவு, இழப்பு, நிலை தாழ்தல், வறுமை என்பவை காரணங்கள். ஆனால் கண்ணீரைப் பார்ப்பவருக்கு ஒருவர் அழுகிறார் என்பது தெரியும். நான்கில் எதனால் என்பது தெரியாது. இந்த இடைவெளியில்தான் கவிதை நுழைகிறது. அது எப்படி நுழைகிறது என்பதற்குப் பழனி மலையில் ஒரு சான்று உண்டு.

பழனிக்குப் பொதினி என்றும் ஆவினன்குடி என்றும் பழைய பெயர்கள். ஆவியர் குடியின் தலைவர்கள் ஆண்ட மலைநாடு அது. அக்குடியில் வந்த வையாவிக் கோப்பெரும் பேகன், குளிரில் நடுங்கியதாக எண்ணி மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியுடன் வாழ்ந்தான் என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்கள் இதைப் பற்றியவை. கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்ற நான்கு புலவர்கள் பேகனிடம் அவளுக்காகப் பேசியிருக்கிறார்கள்.

கபிலரின் பாடலில் ஒரு காட்சி. வழிவந்த பாணர் கூட்டம் ஒரு வீட்டின் முன் நின்று பேகனையும் அவன் மலையையும் பாடுகிறது. பரிசில் வேண்டி எங்கும் பாடும் பாட்டுத்தான். உள்ளிருந்த பெண்ணால் கண்ணீரை நிறுத்த முடியவில்லை. மார்பு நனைய, குழல் இரங்குவதுபோல் விம்மி அழுகிறாள். யார் அவள் என்று கபிலர் பேகனையே கேட்கிறார். 'நீ கைவிட்டாய்' என்றோ, 'அவள் வருந்துகிறாள்' என்றோ பாடல் தீர்ப்புச் சொல்லவில்லை. மலையைப் பாடினோம், அவள் அழுதாள் என்ற இரண்டு நிகழ்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. அவனுடைய மலையின் பெயரைக் கேட்டே உடைந்துபோகும் அளவுக்கு அவள் நெஞ்சில் என்ன இருந்தது என்பதைக் கேட்பவன் தானே நிரப்பிக்கொள்ள வேண்டும். கேட்பவனோ பேகன்.

பரணர் வேறு வழி பிடிக்கிறார். பசித்து வரவில்லை, சுற்றத்தைக் காக்கும் சுமையாலும் வரவில்லை. இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைக் களைவதே தாம் கேட்கும் பரிசில் என்கிறார். மயிலுக்குப் போர்வை தந்த செயலையும் அங்கே நினைவூட்டுகிறார். அரிசில் கிழாரும் பெருங்குன்றூர் கிழாரும் அவளுடைய கூந்தலைப் பேசுகிறார்கள்: எண்ணெயும் பூவும் புகையும் காணாத அந்தக் கூந்தல் மீண்டும் பூச்சூடும்படி அவன் போகவேண்டும். துயரத்தை அளந்து காட்ட அவர்கள் பெயரடைகளை நம்பியிருக்கவில்லை. வாடிக் கிடக்கும் கூந்தல் போதுமானதாக இருந்தது. தன் மனைவியின் நெஞ்சைப் பார்க்கத் தெரியாத ஒருவனுக்கு, அவன் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள்.

மலையைப் பாடினால் உணர்வு வெளிப்படும் என்பது கபிலரின் தற்செயலான கண்டுபிடிப்பு அல்ல. திணைக் கோட்பாடு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியவை. உரிப்பொருள் அங்கே நிகழும் ஒழுக்கம். குறிஞ்சிக்கு நிலம் மலை, பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம், தெய்வம் சேயோனாகிய முருகன், உரிப்பொருள் கூடல். மூன்றில் உணர்வுக்கு உரியது கடைசி ஒன்றுதான். பாடலில் மிகுந்த இடத்தை எடுத்துக்கொள்வதோ முதல் இரண்டும்.

இந்தப் பொருத்தம் ஏட்டில் வகுத்த கற்பனை என்று சமவெளியில் இருந்து படிப்பவருக்குத் தோன்றக்கூடும். அதே பழனி மலைத்தொடரில், கொடைக்கானலில் இருந்து பூம்பாறை வழியாக மேல்மலையில் உள்ள மன்னவனூருக்குப் போனால் அந்த எண்ணம் மாறும். மலைச்சரிவெல்லாம் படிப்படியாய் வெட்டிய வயல்கள். மலைப்பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் விளைகின்றன. ஊருக்கு அப்பால் புல்வெளி, ஏரி, மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம். கம்பளி ஆட்டுக்கு ஏற்ற குளிர் அந்த உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாய்ப் படிந்திருக்கும். முன்பனிக் காலத்து யாமத்தில், வழியும் வெளிச்சமும் இல்லாத அப்படிப்பட்ட சரிவில் ஒருவன் ஒருத்தியைப் பார்க்க வருகிறான் என்று பாடல் சொன்னால், அவன் அன்பைப் பற்றி மேலும் ஒரு சொல் சொல்ல வேண்டியதில்லை. வேங்கை மரமும் தினைப்புனமும் கீழ்மலைச் சரிவுகளில் பொருந்துபவை. குறிஞ்சிப் புதரோ மேல்மலைப் புல்வெளிக்கு உரியது. சங்கப் புலவர்கள் இரண்டையும் ஒரே மலையின் வாழ்க்கையாகவே பார்த்தார்கள்.

குறுந்தொகையின் மூன்றாம் பாடல் இதற்கு உரைகல். தேவகுலத்தார் பாடிய இது நான்கே அடி. தோழி தலைவனைக் குறை சொல்ல, தலைவி தன் நட்பின் பெருமையைச் சொல்லி மறுக்கிறாள். நிலம், வானம், கடல் என்று மனிதர் அறிந்த பேரளவுகள் மூன்றையும் எடுக்கிறாள். மூன்றும் தன் நட்புக்குக் குறைவு என்கிறாள். அளவுச்சொற்கள் அத்துடன் தீர்ந்துவிடுகின்றன. அவள் அங்கே நின்றிருந்தால் அது மிகைப்பேச்சாகப் போயிருக்கும். ஆனால் அடுத்து, கரிய கொம்புடைய குறிஞ்சியின் பூவிலிருந்து தேனடை உருவாகும் மலைச்சாரலைச் சொல்லி, அந்த நாட்டவனோடு கொண்ட நட்பு என்று முடிக்கிறாள். பழனி மலையில் உள்ள குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூப்பது. வானத்தைவிடப் பெரியது என்று சொன்னபோது புரியாதது, சின்னஞ்சிறு பூவில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் தேனைச் சொன்னபோது புரிந்துவிடுகிறது. சொல்லின் தோல்வியை முதல் பாதியிலேயே ஒத்துக்கொண்டு, இரண்டாம் பாதியில் அதைக் கடக்கிறது இப்பாடல். தமிழில் இந்தச் சிக்கலைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இதைவிடத் தெளிவானது வேறில்லை.

வெளியுலகச் சிந்தனையும் பின்னால் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்து ஆனந்தவர்த்தனர், தம் த்வன்யாலோகத்தில், ஒரு சுவையின் பெயரைச் சொல்வதால் அச்சுவை பிறப்பதில்லை என்று நிறுவினார். சூழலும் குறிப்பும் சேர்ந்து தொனியாகவே அது எழவேண்டும். 1919-இல் டி.எஸ். எலியட் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டைப் பற்றி எழுதிய கட்டுரையில், உணர்வைக் கலையில் வெளிப்படுத்த அதற்கு ஈடான பொருள்களையும் நிகழ்ச்சிகளையும் கண்டடைவதே வழி என்றார். இருவரும் சொன்னது கவிஞன் செய்ய வேண்டியதை. திணை மரபு அந்தப் பொருள்களை ஒரு சமூகம் முழுவதும் அறிந்த பொதுச் சொத்தாகவே ஆக்கி வைத்திருந்தது.

இனி, இந்தக் கேள்வி சமயத்தைத் தொடும் இடம். குறிஞ்சிப் பாடல்களில் ஒரு சிக்கல் மீண்டும் மீண்டும் வருகிறது. மகள் மெலிகிறாள், நிறம் மாறுகிறாள், பேசுவதில்லை. காதல் என்று அவள் சொல்ல முடியாது, நாண் தடுக்கிறது. தாய் அறியாள். கட்டுவிச்சியைக் கூப்பிட்டு நெல்லால் குறி பார்க்கிறார்கள். முருகனின் பூசாரியான வேலன் கழங்கு உருட்டிப் பார்க்கிறான். முருகன் அணங்கினான் என்று விடை வருகிறது. முற்றத்தில் மணல் பரப்பி, ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு வெறியாடுகிறார்கள். ஓர் உணர்வுக்குச் சரியான பெயர் கிடைக்காதபோது, சமூகம் தன் கையில் இருக்கும் பெயரை அதற்குச் சூட்டிவிடுகிறது. பெயர் தவறு, சடங்கோ முழு நம்பிக்கையோடு நடக்கிறது.

நடுவில் நிற்கும் பெண்ணின் நிலையை வெறிபாடிய காமக்கண்ணியார் அகநானூற்றின் 98-ஆம் பாடலில் காட்டுகிறார். வெறியாடிய பின்னும் மெலிவு தீராவிட்டால், அவள் களவு ஊரறிய அலராகிவிடும். முருகன் அருளால் தீர்ந்தேவிட்டால்? இவள் நோய் என்னால் வந்தது அல்ல, வேறு எதனாலோ என்று காதலன் நினைத்துவிடுவான். அதன்பின் உயிர்வாழ முடியாது. நோய் தீர்ந்தாலும் தீராவிட்டாலும் அவள் தவறாகவே புரிந்துகொள்ளப்படுவாள். வெளிப்படுத்த முடியாத உணர்வின் உண்மையான அச்சம் இதுதான். மௌனமாக இருந்தால் மௌனம் காக்கப்படும் என்ற உறுதி கிடையாது. மற்றவர்கள் அதற்குப் பொருள் எழுதிக்கொண்டே இருப்பார்கள்.

வெளியேறும் வழியை அகமரபு தோழியின் கையில் கொடுத்தது. அறத்தொடு நிற்றல் என்பது அதன் பெயர்: தலைவியின் களவைத் தோழி செவிலிக்கு உணர்த்துவது. குறுந்தொகை 23-ஆம் பாடலில் ஔவையார் இதை நடத்தும் விதம் நுட்பமானது. குறி பார்க்க வந்த, நரைத்த கூந்தலையுடைய கட்டுவிச்சி மலைகளைப் பாடிக்கொண்டே போகிறாள். ஒரு மலையின் பாட்டு வந்ததும், அதை இன்னொரு முறை பாடு என்கிறாள் தோழி. அவ்வளவுதான். காதலன் பெயர் வரவில்லை. காதல் என்ற சொல்லும் வரவில்லை. எந்த மலை, ஏன் மறுபடியும் என்று பக்கத்தில் நிற்கும் தாய் யோசித்தால் போதும். பேகனின் மனைவியை அழவைத்த மலைப்பாட்டு இங்கே ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறது.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு இதே அறத்தொடு நிற்றலை 261 அடிகளில் விரிக்கிறது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிக்கப் பாடியது என்று மரபு சொல்லும். தோழி செவிலியிடம் நடந்ததைச் சொல்லும்போது, அருவியில் நீராடி அன்று பறித்துப் பாறையில் குவித்த பூக்களின் பெயர்களை அடுக்குகிறாள், தொண்ணூற்றொன்பது பூக்கள். இதைத் தாவரப் பட்டியலாகவே பாடநூல்கள் நினைவில் வைத்திருக்கின்றன. அது பாட்டுக்குச் செய்யும் குறை. ஒரு பெண்ணின் வாழ்வை மாற்றிய பகலை விவரிக்கும்போது, அவன் வருவதற்கு முந்திய கணத்தில் கதை நின்று, பூ பூவாக எண்ணத் தொடங்குகிறது. அந்தப் பகல் முடிந்துவிடக் கூடாது என்ற ஆசை அந்த நிதானத்தில் இருக்கிறது. தோழி அதைச் சொல்லவில்லை. செவிலி அதைக் கேட்டிருப்பாள்.

பக்தி இயக்கம் இந்தக் காட்சியை அப்படியே எடுத்துக்கொண்டது. நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் நான்காம் பத்தின் ஆறாம் பதிகம், வெறி விலக்கு. நாயகியின் நோய்க்கு வேறு தெய்வத்தை அழைத்து வெறியாட முனைபவர்களைத் தோழி தடுக்கிறாள். இது பெருமாள்மேல் கொண்ட நோய், அவன் நாமத்துக்கே தீரும் என்கிறாள். சங்கப் பாட்டில் மனிதக் காதலைத் தெய்வக் குற்றம் என்று தவறாகப் படித்தார்கள். இங்கே நோய் உண்மையிலேயே தெய்வத்தால் வந்தது. ஆழ்வார் புதிய மொழி ஒன்றைத் தேடிப் போகவில்லை. சொல்ல முடியாததைச் சொல்லப் பழகிய மொழி ஏற்கெனவே இருந்தது. மாணிக்கவாசகரின் பெயரால் வழங்கும் நானூறு பாடல்கள் கொண்ட திருக்கோவையாரும் அகத்துறைகளையே சிவனை நோக்கித் திருப்பியது.

ஆனால் தெய்வத்தைப் பேசும்போது தடை இரட்டிக்கிறது. மனிதக் காதல் சொல்லுக்கு அரியது. இறை அனுபவம் அறிவுக்கே அரியது. பதின்மூன்றாம் நூற்றாண்டு மெய்கண்டார் சிவஞானபோதத்தின் ஆறாம் சூத்திரத்தில் இதை இறுக்கமாக வைக்கிறார்: உயிரின் அறிவுக்குச் சிக்குவது அசத்து, எவ்வகையிலும் அறியப்படாதது இல்பொருள், இறை இரண்டும் அல்லாதது. இதை ஏற்றால் பேசவும் வழியில்லை, பேசாதிருக்கவும் வழியில்லை. தொல்காப்பியமும் உள்ளுறை உவமத்துக்கு நிலைக்களனாகக் கருப்பொருள்களை எடுக்கும்போது தெய்வத்தை மட்டும் விலக்கிவிடுகிறது. பூவையும் புலியையும் வைத்து ஒரு பெண்ணின் மனத்தைக் குறிப்பால் உணர்த்தலாம். தெய்வத்தை அப்படிக் கருவியாக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு அதில் இருப்பதாகக் கொள்ள இடமுண்டு.

இந்த நெருக்கடியின் நடுவில் நிற்பவர் அருணகிரிநாதர். மன்னவனூருக்குப் போகும் வழியிலுள்ள பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது. அங்கே இரவு தங்கிய அருணகிரியை அரக்கி ஒருத்தியிடமிருந்து முருகன் குழந்தை வடிவில் காத்தான் என்பது அக்கோயிலின் கதை. பழனி முருகன்மேல் அவர் பாடியவை பல. முருகன் தமக்குச் செய்த உபதேசம் சொல் அற்றுச் சும்மா இருப்பது என்று கந்தரனுபூதியில் சொல்பவரும் அவரே. திருப்புகழ் என்று ஓயாமல் பாடியவரும் அவரே. இதை முரண்பாடு என்று சொல்லிவிடலாம். திருப்புகழைப் பாடக் கேட்டவருக்கு வேறு ஒன்று தெரியும். சந்தம் முதலில் வந்து உடம்பைப் பிடித்துக்கொள்கிறது. பொருள் பின்னால்தான் வருகிறது, சில அடிகளில் அதுவும் தாளத்துக்குள் கரைந்துவிடுகிறது. சொல்லைக் குவித்துக் குவித்து அதன் பொருட்சுமையைக் குறைத்து, ஓசைக்கு அருகில் கொண்டுபோகும் முறை அது. லுட்விக் விட்கென்ஸ்டைன் 1921-இல் வெளிவந்த தம் நூலின் முடிவில், பேச முடியாததைப் பற்றி மௌனமே தகும் என்று நிறுத்திக்கொண்டார். அருணகிரியும் மௌனத்தையே மேலான நிலையாகக் கொண்டவர். பாட்டு அந்த மௌனத்துக்குப் போகும் வழி என்று கண்டவர். தாயுமானவரும் மௌனகுருவிடம் உபதேசம் பெற்றபின் பாடியவர்தான்.

மரபு வகுத்துக் கொடுத்த திணையும் துறையும் சந்தமும் தனிமனித உணர்வை நெரித்துவிடாதா என்ற மறுப்பு நியாயமானது. வாழ்ந்தறியாத மலையை நூல்வழி அடுக்கிய பிற்காலச் செய்யுள்கள் பலவற்றில் அது நடந்தும் இருக்கிறது. ஆனால் இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்ணைப் பார்த்தவர் இந்த மறுப்பை முழுதாக ஏற்கமாட்டார். அவள் பாடும் அடிகள் அவள் தாயும் பாட்டியும் பாடியவை. தன் துக்கத்துக்குப் புதுச்சொல் தேடும் நிலையில் அவள் இல்லை. கைக்கு எட்டும் பழைய அடிக்குள் செத்தவரின் பெயரையும் உறவையும் வைத்ததும் அழுகை தடையின்றி வருகிறது. வடிவம் அவளைத் தாங்குகிறது. தனித்தன்மை சொல்லின் புதுமையில்தான் இருக்கவேண்டும் என்பது அண்மைக்கால நம்பிக்கை. எல்லாக் காலத்துக்கும் அது பொருந்தாது.

கவிதைக்கும் எல்லை உண்டு. நான்கு புலவர்கள் பாடியபின் பேகன் தேரேறிப் போனானா என்பது அந்த ஐந்து பாடல்களில் இல்லை. கேட்பவன் நெஞ்சில் ஓர் உணர்வைக் கொண்டுபோய் வைப்பது வரை பாட்டின் வேலை.

இன்னோர் எல்லை மேல்மலையில் இப்போதே தெரிகிறது. உணர்வைப் பொருள்கள்மேல் ஏற்றிச் சொல்லும் மொழிக்கு அந்தப் பொருள்கள் கண்முன் இருக்கவேண்டும். பழனி மலைப் புல்வெளிகளின் பெரும்பகுதியை அயல்நாட்டுச் சீகை மரமும் பைனும் யூகலிப்டஸும் மூடிவிட்டன. குறிஞ்சிப் புதருக்கு அந்த நிழலில் இடமில்லை. பூவைப் பார்க்காத தலைமுறைக்குத் தேவகுலத்தாரின் பாடலுக்கு அடிக்குறிப்பு எழுத வேண்டிவரும். அடிக்குறிப்பில் தேன் இனிக்காது. குறிஞ்சி கொடைக்கானல் மலைகளில் 2006-இலும் 2018-இலும் பூத்தது. அடுத்த பூப்பு 2030-இல். அதற்குள் மிஞ்சிய புல்வெளிகளையாவது காப்பாற்ற வேண்டும். தமிழ் படிப்பவர்களும் அதைக் கேட்க வேண்டும்.